காட்சியும் படிப்பினையும்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று ஆம்பூரில் தோல் வணிகம் செய்து வருகிறார். வணிகத்தின் பொருட்டு ஐரோப்பா சென்று திரும்பியவர், ஸலாம் சொல்லிப் போகலாமென்று என் இல்லத்திற்கு வந்தார். பேச்சு சற்று வளர்ந்ததும் கைப்பேசியை எடுத்து, பிரான்ஸ் நாட்டில் தாம் கண்ட பழைய ஊர்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கல் பாவிய குறுந்தெருக்கள், சாய்ந்த ஓட்டுக் கூரைகள், சன்னல்தோறும் பூந்தொட்டிகள், ஊர் நடுவே பழங்காலக் கோயிற்கோபுரம். உண்மையில் கண்ணுக்கு விருந்துதான்.

“ஹஜ்ரத், இவையெல்லாம் நானூறு ஐந்நூறு ஆண்டுப் பழமை. ஒரு கல் பெயரவில்லை. நம் ஊர்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது” என்றார்.

ஒரு படத்தில் ஆற்றோரமாக மரச்சட்டங்களால் ஆன உயர்ந்த வீடுகள் நின்றன. அவற்றின் கூரைகளில் சுவரின்றித் திறந்த மாடங்கள் வரிசையாகத் தெரிந்தன. “இவை எதற்காகத் தம்பி?” என்று கேட்டேன்.

“அதுதான் வேடிக்கை, ஹஜ்ரத். அந்த மாடங்களில் தோல் உலர்த்துவார்களாம். அந்தக் காலத்தில் அது தோல் பதனிடுவோர் தெருவாம்!” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் விடைபெற்றுச் சென்ற பின்னரும் அந்த மாடங்கள் என் நினைவை விட்டு அகலவில்லை. பழமையான ஊரைக் கண்டு மகிழ்வது நல்லதே. ஆனால் அந்த அழகைக் காணும் கண்ணுக்கு ஏதேனும் கடமை உண்டா? இக்கேள்வியை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

பிரெஞ்சுக்காரர் தம் பழைய கிராமங்களைக் காக்கும் முறை போற்றத்தக்கது. கோலோன்ஜ் லா ரூஜ் என்பது செந்நிற மணற்கல்லால் கட்டப்பட்ட ஒரு சிற்றூர். அவ்வூரின் மேயராக இருந்த சார்ல் செராக் என்பவர் 1982ஆம் ஆண்டில் ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ என்றொரு சங்கத்தைத் தொடங்கினார். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, கிராமங்கள் ஆளற்றுப் பாழடைந்து வந்த காலம் அது. அச்சங்கத்தில் சேர வேண்டுமாயின் ஊரின் மக்கள்தொகை 2000க்கு மேற்படக் கூடாது. அரசின் பாதுகாப்புப் பெற்ற பழஞ்சின்னம் அல்லது இடம் இரண்டேனும் இருத்தல் வேண்டும். தகுதி குறைந்தால் பட்டியலிலிருந்து நீக்கியும் விடுவர். மூதாதையர் விட்டுச் சென்றதை அமானிதமாகக் கருதிப் பேணும் இந்தக் கட்டுப்பாட்டை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். இதில் ஐயமில்லை.

எனினும், பேணுதல் ஒன்று, பார்த்தல் மற்றொன்று. பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்றோரின் முடிவு எவ்வாறாயிற்று என்று நோக்குமாறு அல்லாஹ்வின் திருமறை பல இடங்களில் நம்மை ஏவுகின்றது. அந்த நோக்கினால் கிட்டும் பயனை அரபு மொழியில் ‘இப்ரத்’ என்பர். படிப்பினை என்று தமிழில் சொல்கிறோம். அச்சொல்லின் வேரைப் பாருங்கள். ‘அபர’ என்றால் கடந்தான், ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சென்றான் என்று பொருள். கண்ணில் பட்ட பொருளோடு நின்றுவிடாமல் அதைக் கடந்து அதன் கருத்துக்குச் செல்வதே இப்ரத். கடக்காத கண்ணுக்குக் காட்சி மட்டுமே மிஞ்சும்.

பிரெஞ்சுக்காரரே இதற்கொரு சான்று தருகின்றனர். ஒராடூர் சுர் கிளான் என்ற கிராமத்தில் 1944ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஜெர்மானிய நாஜிப் படையினர் 640க்கும் மேற்பட்ட ஆண், பெண், குழந்தைகளைக் கொன்று ஊரைக் கொளுத்தினர். போர் முடிந்தபின் அவ்வூரைப் புதுப்பிக்காமல், எரிந்த சுவர்களையும் துருப்பிடித்த வண்டிகளையும் அப்படியே விட்டுவைத்து, பக்கத்திலே புதிய ஊர் ஒன்றைக் கட்டினர். அங்கே செல்வோர் அழகு காணச் செல்வதில்லை. படிப்பினை பெறச் செல்கின்றனர். அவ்வூர்ச் சுவருக்கு முன் நின்று தன்னைத் தானே வினவிக்கொள்பவன், அதே நாட்டின் அழகிய ஊருக்கு முன்னும் அவ்வாறு வினவிக்கொள்ள வேண்டாமா?

என் மாணவரின் படத்துக்கு வருவோம். அது ஸ்ட்ராஸ்பூர் நகரில் இல் ஆற்றின் கிளைகளுக்கிடையே உள்ள, ‘சின்னப் பிரான்ஸ்’ என்று பெயர் பெற்ற பகுதி. நடுக்காலத்தில் மீனவரும் மாவாலைக்காரரும் தோல் பதனிடுவோரும் வாழ்ந்த பேட்டை. அதே வட்டாரத்திலுள்ள கோல்மார் நகரிலும் தோல் பதனிடுவோர் பேட்டை உண்டு. இன்று அவ்விரண்டும் உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் நிறைந்து, உலகமெங்கணுமிருந்து மக்கள் வந்து படமெடுக்கும் இடங்கள்.

ஆனால் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பிறந்த நமக்கு அந்த மாடங்களின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. தோல் உலரும் இடம் எப்படியிருக்கும் என்று நம் மூக்குக்குத் தெரியும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் நீங்கிய தோலின் வாடையும், சதை வழித்த கழிவு மிதக்கும் நீரும் அந்த ஆற்றங்கரையில் இருந்திருக்கும். பூந்தொட்டி வைத்த சன்னல்களை அன்று மூடியே வைத்திருப்பர்! தென் பிரான்சில் கிரோயே என்றொரு பழைய ஊர். ஆட்டுத்தோல் பதனிடுவதில் பெயர் பெற்றது. அங்கே தோல் தொழிலாளர்கள் 1909 டிசம்பரில் தொடங்கி 1910 மே வரை வேலைநிறுத்தம் செய்து பசியோடு போராடினர். ஆற்றுக்கு மேலே தெரியும் பழைய வீடுகளைப் படமெடுப்பவனுக்கு அந்தப் பசி படத்தில் விழாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டுத் தோல் தொழில் சுருங்கியது. கிரோயேயின் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. தொழில் போன இடத்தில் அழகு வந்து குடியேறிற்று. ஆனால் உலகத்தார் செருப்பு அணிவதை விட்டுவிட்டார்களா? இல்லையே! அப்படியானால் அந்தத் தொட்டிகள் எங்கே போயின? வேறு நாடுகளுக்குப் போயின. அவற்றுள் நம் பாலாற்றங்கரையும் ஒன்று. என் மாணவர் கண்டு வியந்த அழகுக்கும், வெட்கப்பட்ட ஊருக்கும் இடையே இப்படியோர் உறவு இருக்கின்றது.

நம் ஊர்களுக்குப் பழமை இல்லாமலில்லை. மதரஸா விடுமுறை நாட்களில் மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் பாலாற்றங்கரை ஊர்களைச் சுற்றியதுண்டு. ஆற்காட்டில் நவாபுகளின் தலைநகரம் இருந்த இடத்தில் ஆற்றோரமாக டில்லி வாசல் நிற்கின்றது. 1751இல் கிளைவ் முற்றுகைக்கு ஆளான கோட்டையில் மிஞ்சியது அதுவே. வேலூர்க் கோட்டையின் அகழியும் கருங்கல் மதிலும் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதற்குள் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் உண்டு. திப்பு சுல்தானின் மக்கள் சிறை வைக்கப்பட்டதும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1832இல் கைதியாகவே மறைந்து, பாலாற்றங்கரையில் அடக்கமாயிருக்கிறார். ஆம்பூருக்கருகே 1749இல் நடந்த போரில் சந்தா சாகிபின் அணியில் பிரெஞ்சுப் படையும் நின்றது. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் அங்கே மாண்டார். ஆக, பிரெஞ்சுக்காரர் நம் ஊரை நாம் அவர்கள் ஊரைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட்டனர்!

இவற்றையெல்லாம் சொல்லி வருகையில் மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஆற்றைக் கண்டதும் என் பேச்சு தடைப்படும். என் சிறு பிராயத்தில் பாலாறு மேலே மணலாகவும் அடியிலே நீராகவும் இருந்தது. கையால் மணலைத் தோண்டினால் ஊற்றுக் கண் திறக்கும். சிறிது நேரம் பொறுத்தால் கலங்கல் தெளியும். அள்ளிக் குடிப்போம். அதிலேயே உளூச் செய்து மணலில் தொழுவோம். இன்று அவ்வாறு ஊற்றுத் தோண்டிக் குடியுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இங்கே நான் பிறரைக் குறை கூறும் இடத்தில் நிற்கவில்லை. என் தந்தையார் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதியவர். நான் ஓதியதும் ஓதுவித்ததும் தோல் வணிகர்களின் ஸதக்காவினாலும் ஜகாத்தினாலும் நடந்த மதரஸாக்களில். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியதும், உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924இல் எழுந்ததும், மேல்விஷாரத்தில் 1965இல் அப்துல் ஹக்கீம் கல்லூரி வந்ததும் இவ்வட்டாரத் தோல் வணிகப் பெருமக்களின் கொடையால்தான். அந்தத் தோல் இல்லாவிடில் இந்தக் கட்டுரையை எழுதும் கையும் இல்லை.

மேலும், தோல் தொழில் இழிதொழிலுமன்று. செத்த ஆடொன்று கிடந்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்கொள்ளக் கூடாதா என்ற கருத்தில் வினவியதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையாலேயே தோல் பதனிட்டு, கிடைத்ததை ஏழைகளுக்கு ஈந்தார்கள். மொரோக்கோவின் ஃபாஸ் நகரத்து மெய்ஞ்ஞானி அப்துல் அஸீஸ் அத்தப்பாக் அவர்களின் பெயரிலேயே தோல் பதனிடுவோர் என்ற பொருள் அமைந்திருக்கின்றது. செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் தூய்மையாகிறது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ சட்ட நூல்களில் நாம் படிக்கும் பாடம். அசுத்தத்தைச் சுத்தமாக்கும் தொழில் என்பதே இதன் பெருமை.

அந்தப் பெருமையே என்னை வருத்துகின்றது. தோலைத் தூய்மையாக்கும் தொழில் நீரை அசுத்தமாக்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஃபிக்ஹு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்நூல்களின் முதற்பாடமே நீரைப் பற்றியது. நிறம், மணம், சுவை ஆகிய மூன்றையும் கொண்டு நீரின் நிலையை அறிய வேண்டும் என்று விளக்கினேன். பத்து வயது மாணவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், நம் கிணற்று நீரின் சுவை மாறிவிட்டதே. அதில் உளூக் கூடுமா?” என்று கேட்டான். மண்ணிலுள்ள உப்பினால் சுவை மாறிய நீரில் உளூக் கூடும் என்று விடை சொன்னேன். சட்டம் சரியானதே. ஆனால் அந்த உப்பு மண்ணின் உப்பா, பச்சைத் தோல் அழுகாதிருக்கத் தடவிக் கழுவி விட்ட உப்பா என்பதை அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைய என் மௌனத்தை மறுமையில் எவ்வாறு விளக்குவேன் என்று இன்றும் அஞ்சுகிறேன்.

முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். 1970களில் மத்திய அரசு பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலையும் தோற்பொருள்களையும் செய்து அனுப்ப ஊக்கமளித்தது. வணிகம் பெருகிற்று, வேலைவாய்ப்பும் பெருகிற்று. அத்துடன் குரோமியம் கொண்டு பதனிடும் முறையும் பரவி, உப்பும் குரோமியமும் கலந்த கழிவு நிலத்திலும் ஆற்றிலும் சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவாகவோ முற்றிலுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசு செய்தவனே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியையும் நிலைநாட்டியது. அதன்பின் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. பல தொழிலதிபர்கள் பெரும்பொருள் செலவிட்டனர் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் இந்த ஆற்றைப் பற்றிப் பேச நேர்ந்தது. இழப்பீடு கொடுப்பதோடு பொறுப்பு முடிவதில்லை, கெட்ட மண்ணையும் நீரையும் மீட்டுத் தருவதும் மாசு செய்தவரின் கடனே என்று அது கூறிற்று.

நீதிமன்றம் சொல்லித்தானா நமக்கு இது தெரிய வேண்டும்? பிறருக்குத் தீங்கு விளைவிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பது ஃபிக்ஹு கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னுர் ராமி அவர்கள், அண்டை வீட்டாரைத் துன்புறுத்தும் புகை, நாற்றம், ஓசை ஆகியவற்றைத் தடுக்கும் சட்டங்களைத் தனி நூலாகவே தொகுத்தார். நகரம் அமைக்கும் இடத்தில் காற்றும் நீரும் நன்றாயிருத்தல் வேண்டும், கெட்ட நீர் நோயைத் தரும் என்று அறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எழுதினார். நீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிமொழி தரும் கருத்து. பங்காளியின் பங்கைக் கெடுத்துவிட்டு, நம் பங்கிலிருந்து தர்மம் செய்தால் கணக்கு நேராகிவிடுமா?

இங்கே சிலர் மறுப்புரைக்கலாம். “அவர்களும் தம் ஆற்றைக் கெடுத்துத்தானே செல்வம் சேர்த்தார்கள்? நம்மை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?” என்பர். முன்னோர் செய்த பிழை பின்னோருக்கு அனுமதிச் சீட்டாகாது. “தொழிற்சாலையை மூடினால் ஆயிரமாயிரம் குடும்பங்கள் என்னாகும்?” என்பர். இது நியாயமான அச்சம். தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டும் கூலித் தொழிலாளியின் அடுப்பு அணையக் கூடாது. ஆனால் அதே தொழிலாளியின் வீட்டுக் குடத்து நீரையும், அவர் ஊர் உழவரின் நிலத்தையும் மறந்துவிட்டு அவர் அடுப்பை மட்டும் காட்டுவது முழு நியாயமாகாது. தொழிலை மூடு என்று நான் சொல்லவில்லை. கழிவைச் சுத்திகரிக்கும் செலவைத் தொழிலின் செலவாகவே எழுதுங்கள் என்கிறேன். அந்தச் செலவை ஒளித்துக் குறைந்த விலைக்கு விற்றால், மிச்சத்தை ஆறு செலுத்துகிறது. அந்தக் குறைந்த விலைக்கு வாங்கி, தன் ஊர் ஆற்றங்கரையில் பூந்தொட்டி வைத்துக்கொள்ளும் அயல்நாட்டு வணிகருக்கும் இதில் பங்குண்டு. விலை பேசும்போது அதை எடுத்துச் சொல்லும் வாய் நம்மவருக்கு வேண்டும்.

ஃபாஸ் நகரைப் பற்றி ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அங்கே நடுக்காலத்துத் தோல் தொட்டிகள் இன்றும் இயங்குகின்றன. மேல்மாடத்தில் நின்று காண வருவோரின் கையில் புதினாத் தழையைக் கொடுப்பர். அதை மூக்கில் வைத்துக்கொண்டு வண்ணத் தொட்டிகளைப் படமெடுத்துச் செல்வர். கீழே தொட்டிக்குள் நிற்பவனுக்குப் புதினா இல்லை. உலகைச் சுற்றிப் பார்க்கும் நாமெல்லோரும் ஏதேனும் ஒரு புதினாத் தழையை வைத்திருக்கிறோமோ என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மீண்டும் என் மாணவர் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் அந்த ஊர்களைப் பார்த்து நான் மகிழ்ந்தது தவறா, ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

“தவறில்லை தம்பி. அடுத்த முறை போகும்போது அந்த ஆற்றையும் பாருங்கள். தோல்காரர்கள் கலக்கிய நீர்தான் அது. இன்று எப்படி ஓடுகிறது, யார் செலவிட்டார்கள், எந்தச் சட்டத்தால் நடந்தது என்று விசாரித்து வந்து நம் சங்கத்தாரிடம் சொல்லுங்கள். அதுதான் கடந்து பார்ப்பது” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தம் தொழிற்சாலைக் கழிவுநீர்க் கணக்கை ஒருமுறை தாமே சரிபார்ப்பதாகச் சொல்லிச் சென்றார். சரிபார்த்தாரா என்பதை நான் கேட்கவில்லை. அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு. என் கணக்கை நான் பார்த்தேன். மறுவாரப் பாடத்தில் அந்தச் சிறுவனைக் கூப்பிட்டு, அவன் முன்பு கேளாத கேள்விக்கும் விடை சொன்னேன்.

வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் என்ற பெயரில் நம் தாய்மதரஸா விளங்குகின்றது. நிலைத்து நிற்கும் நற்செயல்கள் என்பது அப்பெயரின் பொருள். இன்னும் நூறாண்டு கழித்து எங்கிருந்தோ ஒருவர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வரக்கூடும். நம் திண்ணை வீடுகள் நிற்குமோ நிற்காவோ நாமறியோம். அவர் பாலாற்று மணலில் கைவிட்டு ஊற்றுத் தோண்டி, தெளிந்த நீரை அள்ளிக் குடித்து, இவ்வூரார் நல்லவர்களாக இருந்திருக்கிறார்கள் என்று சொல்வாராயின், நமக்கு அதைவிடப் பெரிய பழஞ்சின்னம் தேவையில்லை. வல்ல நாயன் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.